கல்லைச் சொன்னால்தான் தடம் புரியும்: மலைச்சைக்கிள் பாதையைப் பிறருக்கு விளக்குவது எப்படி?

சனிக்கிழமை இரவானால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் சைக்கிள் குழுவின் புலனத்தில் இந்தப் பேச்சு கட்டாயம் நடக்கும்.

“அண்ணே, நாளைக்குப் போற தடம் எப்படி?”

“ஒன்னும் இல்ல தம்பி, கொஞ்சம் கல்லு இருக்கும். பாத்து வந்தா சரி.”

கேட்ட தம்பி அண்மையில்தான் சைக்கிள் வாங்கியவர். முன்பக்கம் மட்டும் அதிர்ச்சி தாங்கும் சஸ்பென்ஷன். பதில் சொன்ன அண்ணன் பல வருடமாகத் தோட்டத்து மலைகளில் ஏறி இறங்குபவர்; அவர் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உண்டு. அவர் கணக்கில் “கொஞ்சம் கல்லு” என்றால் அரை முழப் பாறை நாலைந்து. தம்பியின் மனதில் விழுந்ததோ செம்மண் ரோட்டில் கொட்டிய சரளை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் காலை அந்தப் பாறைக்கு மேலே தம்பி பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி நிற்பார். இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததற்குப் பிறகு நம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் கூடியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், அக்கா தங்கச்சிகள், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமாக்கள் என்று பலரும் வருகிறார்கள். இவர்கள் எல்லாரும் மலைக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. முதல் தடவையே பயந்து, முழங்கையைக் கிழித்துக்கொண்டவர் அப்புறம் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் சாத்திவிடுவார். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் அவசியம்தான். அதற்கும் முன்னால் வேண்டியது, எங்கே போகிறோம் என்பதைச் சரியாகச் சொல்லும் நாலு வரி.

அந்த நாலு வரியை எப்படி எழுதுவது என்று புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காக இங்கே சொல்கிறேன். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் இதைச் செய்யவேண்டும் என்பதில்லை. தடம் கஷ்டமா சுலபமா என்பது ஓட்டுபவரைப் பொறுத்தது. கல்லின் உயரம் யாரையும் பொறுத்ததல்ல. ஆகவே கல்லைச் சொல்லுங்கள். போவதா வேண்டாமா என்பதைக் கேட்பவரே முடிவு செய்வார்.

முதலில் இறங்கி நடங்கள்

ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எழுதினால் விவரம் வராது. ஓடும்போது கண் சக்கரத்துக்கு முன்னால் உள்ள வழியை மட்டும்தான் பிடிக்கும். பக்கத்தில் என்ன இருந்தது, கல் எவ்வளவு தூரம் நீண்டது என்பதெல்லாம் நினைவில் நிற்காது. கல் தொடங்கும் இடத்தில் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சைக்கிள் போகும் திசையிலேயே நடந்து இறங்குங்கள். கீழே போனதும் திரும்பி மேலே பாருங்கள். மேலிருந்து தட்டையாகத் தெரிந்த பாறைக்குக் கீழ்ப்பக்கம் செங்குத்தான முகம் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியும்.

நடக்கும்போது காலடியை எண்ணிக்கொள்ளுங்கள். பெரியவர்களின் சாதாரண நடையில் ஒரு காலடி ஏறக்குறைய முக்கால் மீட்டர். நாற்பது காலடி என்றால் 30 மீட்டர். “தடம் முழுக்கக் கல்” என்றால் பலர் வரமாட்டார்கள். “5 கிலோமீட்டரில் 30 மீட்டர் கல்” என்றால் அந்த 30 மீட்டரைத் தள்ளிக்கொண்டு கடந்துவிட்டு மிச்சத்தைச் சந்தோஷமாக ஓட்டுவார்கள்.

கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஊர்க்காரருக்குத் தெரிந்த அடையாளத்தோடு எழுதுங்கள். முனீஸ்வரர் கோயிலைத் தாண்டி இரண்டாவது வளைவு, கித்தாப் (ரப்பர்) பால் நிறுக்கும் பழைய கொட்டகைக்குப் பின்னால், எண் எழுதிய பலகைக்குக் கீழே, ஓடைப் பாலத்துக்கு முன்னால் என்று தோட்டத்தில் அடையாளத்துக்குப் பஞ்சமே இல்லை. வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்புகிறவர்களும் இதைச் சேர்த்து எழுதுவது நல்லது. மலைக்குப் பின்பக்கம் போனால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே நின்று கீழ்நோக்கி எடுத்த படத்தில் எப்பேர்ப்பட்ட சரிவும் சமதரையாகத்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று எடுங்கள், அல்லது கீழிருந்து எடுங்கள். கல்லை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி எடுத்தால் பார்ப்பவருக்கு அளவு தானாகப் புரிந்துவிடும்.

விரல், சாண், முழம்

உயரத்தைச் சொல்ல டேப்பைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், கையே போதும். வீட்டில் ஒரு தடவை உங்கள் கையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சாண் 20 முதல் 23 சென்டிமீட்டர் வரும். முழம் சுமார் 45, பூ வாங்கும்போது அளக்கிற அதே முழம்தான். மூன்று விரலைச் சேர்த்துப் படுக்கையாக வைத்தால் 5 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

இந்த மூன்று அளவுக்கும் ஒரு பயன் இருக்கிறது. இம்பா எனப்படும் சர்வதேச மலைச்சைக்கிள் சங்கம் தடங்களைத் தரம் பிரிக்க ஒரு முறை வகுத்திருக்கிறது. பனிச்சறுக்குத் தடங்களின் பலகைகளைப் பின்பற்றி அதில் சுலபத்திலிருந்து கடினம்வரை பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று குறிகள் போடுவார்கள். விலக்கிப் போக முடியாத தடையின் உயரம் பச்சைக்கு 5 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும், நீலத்துக்கு 20-க்குள், கறுப்புக்கு 38-க்குள். அதற்கு மேல் போனால் இரட்டைக் கறுப்பு வைரம். நம் கைக்கணக்கில் மூன்று விரல்வரை பச்சை, ஒரு சாண்வரை நீலம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்வரை கறுப்பு. அங்குலமும் சென்டிமீட்டரும் தெரியாத ஒரு பாட்டியிடம்கூட இதை விளக்கிவிடலாம்.

“விலக்கிப் போக முடியாத” என்பதுதான் இதில் உயிர். தடத்தின் நடுவே இடுப்பு உயரப் பாறை நின்றாலும், பக்கத்தில் தாராளமான வழி இருந்தால் அது தடையில் சேராது. விரல் உயரம் தாண்டாத சிறு கற்கள் பாதை முழுவதும் கிடந்தால் அதுதான் தடை. அதனால் பாறையை எழுதும்போதே சுற்றுவழியையும் எழுதிவிடுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை சாண் அகலம். ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். இப்போதைய மலைச்சைக்கிள்களின் ஹேண்டில்பார் பெரும்பாலும் 74 முதல் 80 சென்டிமீட்டர் அகலம். இரண்டு பாறைக்கு நடுவே புகும் வழி என்றால், டயர் போகும் அகலம் மட்டும் போதாது. பாறை ஹேண்டில்பார் உயரத்துக்கு வந்தால் நாலு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த முகத்தை அளப்பது? சக்கரம் சந்திக்கும் முகத்தை. ஒரே பாறை ஏறுபவருக்கு நாலு விரலாகவும் இறங்குபவருக்கு ஒரு முழமாகவும் இருக்கலாம். ஆகவே முதல் வரியிலேயே திசையைச் சொல்லிவிட வேண்டும்.

சைக்கிளின் உறுப்புகளையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 29 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து சுமார் 37 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். செங்குத்தான கல் அந்த உயரத்தை நெருங்கிவிட்டால் சக்கரம் உருண்டு ஏறாது, மோதி நின்றுவிடும். “அச்சு உயரப் படி” என்று எழுதினால் அனுபவம் உள்ளவர் உடனே புரிந்துகொள்வார். பெடல் கீழே வந்திருக்கும் நிலையில் அதற்கும் தரைக்கும் நடுவே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. கற்களுக்கு நடுவே மிதித்துக்கொண்டு போகும் புதியவரைப் பல நேரம் கவிழ்ப்பது இந்தப் பெடல் இடிதான். “பெடல் இடிக்கும் உயரம், மிதிக்காமல் உருட்டிப் போகவும்” என்ற ஒரு வரி ஒருவரின் கணுக்காலைக் காப்பாற்றும்.

ஊன்றிய கல்லா, உதிரிக் கல்லா?

உயரத்துக்கு அடுத்து, கல் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். குதிகாலால் பக்கவாட்டில் ஓர் உதை விடுங்கள். அசையாவிட்டால் ஊன்றிய கல். ஆடினால் ஆடும் கல். உருண்டு போனால் உதிரி. இந்த மூன்றையும் பிரித்து எழுதவேண்டும். மூன்றும் ஓட்டுபவரை வெவ்வேறு விதமாகச் சோதிக்கும்.

ஊன்றிய கல்லை நம்பி ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளலாம். நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். உதிரிக் கல்லில் அந்த நம்பிக்கை இல்லை. பிரேக் பிடித்தால் கல்லும் டயரும் சேர்ந்து நழுவும், ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பாமல் நேரே போகும். என்னைக் கேட்டால், ஒரு சாண் உயரத்தில் அழுத்தமாக ஊன்றி நிற்கும் ஒற்றைப் பாறையைவிட, கைப்பிடி அளவு உதிரிக் கற்கள் பத்து மீட்டருக்குப் பரவிக் கிடக்கும் இறக்கம்தான் புதியவருக்கு அதிக ஆபத்து. பாறையைப் பார்த்தால் மனம் எச்சரிக்கையாகிறது, நின்று யோசிக்கிறோம். உதிரிக் கல்லைப் பார்த்து யாரும் நிற்பதில்லை.

உதிரியின் பருமனும் முக்கியம். நிலவியல் படித்தவர்கள் 4 முதல் 64 மில்லிமீட்டர்வரை ஒரு வகை, 64 முதல் 256 மில்லிமீட்டர்வரை அடுத்த வகை, அதற்கு மேல் பாறை என்று பிரிப்பார்கள். நமக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். பருப்பு அளவு, முட்டை அளவு, தேங்காய் அளவு என்று சொன்னாலே போதும். இதில் தேங்காய் அளவு உதிரிதான் மோசம். டயர் அதன்மேல் ஏறும் அளவுக்குச் சின்னது, ஏறியதும் புரண்டு சைக்கிளைக் கவிழ்க்கும் அளவுக்குப் பெரியது.

இடைவெளியை மறக்காதீர்கள்

பலரும் விட்டுவிடும் விவரம் இது. ஒரே உயரமுள்ள கற்கள் நெருக்கமாக இருந்தால் ஒரு மாதிரி, தள்ளித் தள்ளி இருந்தால் வேறு மாதிரி. 29 அங்குலச் சக்கரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி என்றால் சக்கரம் அதற்குள் இரண்டு சென்டிமீட்டர்கூட இறங்காது. மேலாகவே கடந்து போய்விடும். இடைவெளி ஒரு முழமானால் ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கி அடுத்த கல்லின் முகத்தில் இடிக்கும். வேகம் குறைவாக இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆக, நெருக்கமான கல்வரிசை பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் ஓட்டச் சுலபம்; ஒரு முழ இடைவெளியில் கிடப்பவை பார்ப்பதற்குச் சாது, ஓட்டினால் பல்லைக் கடிக்கவேண்டும்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய 1.2 மீட்டர் இருக்கும். கற்கள் அதைவிட நெருங்கித் தொடர்ந்தால் முன்சக்கரம் ஒரு கல்லிலும் பின்சக்கரம் இன்னொன்றிலும் ஒரே நேரத்தில் மாட்டும். மூச்சு விட இடமே இருக்காது. ஓட்டுபவர்கள் ராக் கார்டன் என்று சொல்வது இந்த மாதிரித் தொடர்ச்சியைத்தான். ஒற்றைப் பாறை நாலு தள்ளித் தள்ளி இருந்தால் அதை ராக் கார்டன் என்று எழுதாதீர்கள்.

நம்ம பக்கத்துக் கற்கள்

கல்லின் இனம் தெரிந்தால் பிடிமானம் தெரியும். நல்லவேளையாக, நம் வட்டாரத்தில் நாலைந்து வகையைத் தெரிந்துகொண்டாலே பெரும்பாலான தடங்களைச் சொல்லிவிடலாம்.

தோட்டத்து உள்ரோடுகளில் பார்ப்பது செம்மண்ணோடு கலந்த முரம்பு. இரும்புச் சத்து சேர்ந்து இறுகிய செம்புரைக் கல். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் அ ஃபமோசா கோட்டையைக் கட்டப் பயன்படுத்தியதும் இந்த இனக் கல்தான். காய்ந்த செம்புரையில் நல்ல சொரசொரப்பு உண்டு. ஆனால் அதிலிருந்து உதிர்ந்த பருப்பு அளவு உருண்டைகள் இறுகிய தரைமேல் பரவிக் கிடக்கும்போது வளைவில் முன்சக்கரம் நழுவும். “செம்மண் ரோடு, நல்லா இருக்கு” என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். லோரி ஓடும் தடத்தில் சக்கரம் பதிந்த இரண்டு கோடும் சுத்தமாக இருக்கும், நடுவிலும் ஓரத்திலும் சரளை குவிந்திருக்கும். எந்தக் கோட்டில் போவது நல்லது என்று சேர்த்து எழுதுங்கள்.

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல். நம் வெயிலும் மழையும் அந்தப் பாறையை ஆழம்வரை உக்கவைக்கும். விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் முனைகளை முதலில் தின்னும். நடுவில் உருண்டையான பகுதி மட்டும் கெட்டியாக மிஞ்சும். சுற்றியிருந்த மண் அரித்துப்போனதும் அது வெளியே தலைகாட்டும். மலையடிவாரத்தில் வீட்டுப் பருமனுக்குக் குண்டுப்பாறைகள் நிற்பது இப்படித்தான். இவை பெரும்பாலும் ஊன்றியவை. உலர்ந்த கருங்கல் சாய்பாறையில் டயர் அருமையாகப் பிடிக்கும். செங்குத்தாகத் தெரியும் பாறையில்கூட இறங்கிவிடலாம். பாறை உக்கி உதிர்ந்த வெள்ளைப் பருக்கை மணல் அதன்மேல் பரவியிருந்தால் கதையே வேறு. பாறையில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையில் பருக்கை ஒட்டினால் அதை எழுதவேண்டும்.

தெற்கே ஈப்போ பக்கம் போனால் சுண்ணாம்புக் கல். மழைநீர் கரைத்துக் கரைத்து அதன் விளிம்புகளைக் கூராக்கிவிடும்; டயரின் பக்கச்சுவர் கிழிவது இங்கேதான். பலரும் மிதித்துத் தேய்ந்த சுண்ணாம்புக் கல்லோ ஈரத்தில் பயங்கரமாக வழுக்கும். சுங்கை பிளஸ் ஆற்றோரத்திலும் ஓடை கடக்கும் இடங்களிலும் தண்ணீர் உருட்டிய உருண்டைக் கற்கள். பாசி பிடித்திருந்தால் ஊன்றிய கல்லும் உதிரிக்குச் சமம்தான்.

கல்லை மறைக்கும் பொருள்களையும் சொல்லவேண்டும். செம்பனை நிரைகளுக்கு நடுவே வெட்டிய மட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அதன் அடியில் கல் கிடந்தால் தெரியாது, மட்டையின் முள் வேறு. கித்தா மரம் வருடத் தொடக்கத்து வெயில் மாதங்களில் இலையைக் கொட்டும். அப்போது தடம் முழுக்கப் பழுப்பு இலை மூடி, ஒரு சாண் கல்லும் குழியும் ஒரே மாதிரி தெரியும். விதை விழும் காலத்தில் கித்தாக் கொட்டைகள் டயருக்கு அடியில் உருளும். இதெல்லாம் அந்தந்த மாதத்து விவரம்.

கடைசியாக, நிழலா வெயிலா என்று ஒரு சொல். வெயில் படும் கல் மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அடர்ந்த நிழலில் கிடக்கும் கல் மறுநாள் நண்பகலிலும் ஈரமாக இருக்கும். நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் காலையில் போகிறவர்கள் முந்தின நாள் மழையில்தான் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவு

திறன்பேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கும். சைக்கிளின் மேற்குழாய் சாய்ந்திருப்பதால் அதன்மேல் வைத்து அளக்காதீர்கள். நேரான குச்சி ஒன்றைத் தடத்தின் போக்கில் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் திறன்பேசியை வைத்துப் பாருங்கள். திறன்பேசி டிகிரியில் காட்டும், தடப் பலகைகளில் சரிவு விழுக்காட்டில் இருக்கும். 100 மீட்டர் போனால் 10 மீட்டர் இறங்குவது 10 விழுக்காடு. அது டிகிரியில் சுமார் 6. அதேபோல 15 விழுக்காடு என்பது எட்டரை டிகிரி, 20 என்பது 11 டிகிரி. 45 டிகிரியைத்தான் 100 விழுக்காடு என்கிறோம். யாராவது “தொண்ணூறு விழுக்காட்டு இறக்கம்” என்று சொன்னால் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

இம்பா முறையில் தடத்தின் சராசரிச் சரிவு பச்சைக்கு 5 விழுக்காடு, நீலத்துக்கு 10, கறுப்புக்கு 15 என்பது மேல்வரம்பு. சராசரியோடு நின்றுவிடாமல் கல் இருக்கும் இடத்துச் சரிவைத் தனியாக எழுதுங்கள். சமதரையில் உள்ள ஒரு சாண் கல்லும் 12 டிகிரி இறக்கத்தில் உள்ள ஒரு சாண் கல்லும் ஒன்றல்ல. இறக்கத்தில் உடல் எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே முன்சக்கரம் கல்லில் நின்றால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவார்.

விழுந்தால் எங்கே விழுவோம்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாத விவரிப்பை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்லின் உயரம் ஒன்றாகவே இருக்கலாம். கீழே புல்தரை இருந்தால் எழுந்து தட்டிவிட்டுப் போகலாம். பக்கத்தில் மூன்று மீட்டர் பள்ளம் இருந்தால் அந்தப் பேச்சே வேறு.

மலைத்தோட்டங்களில் மரங்களைப் படிப்படியாக வெட்டிய மேடைகளில் நட்டிருப்பார்கள். தடம் ஒரு மேடையின் விளிம்போரமாகப் போனால், சறுக்குபவர் அடுத்த மேடையில் போய் விழுவார். மண் அரிக்காமல் இருக்க வெட்டிய குழிகள், காண் (வடிகால்), வேலிக் கம்பி, வெட்டிய மரத்தின் கட்டை, அடுக்கிய மட்டை எல்லாவற்றையும் பாருங்கள். எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்: “இடப்பக்கம் பள்ளம், தடுமாறினால் வலப்பக்கம் சாயவும்.” கல் முடிந்த பிறகு வேகத்தைக் குறைக்க எத்தனை மீட்டர் சமதரை இருக்கிறது என்பதையும் சேருங்கள். கல்லுக்கு முன்னால் வளைவு இருந்தால், எத்தனை மீட்டர் தூரத்தில் கல் கண்ணுக்குத் தெரியும் என்பதும் வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போக வழி இருந்தால் அதைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள். தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறையும் கிடையாது.

நிறம் போடுவது

இவ்வளவும் எழுதிய பிறகு கடைசியாகத்தான் நிறம். முதலிலேயே “நீலம்” என்று முடிவு செய்துவிட்டால் கண் அதற்கேற்ற கல்லை மட்டும் பார்க்கும்.

உயரமும் சரிவும் மேலே சொன்னேன். பாதையின் அகலமும் கணக்கில் வரும்: பச்சைக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர், நீலத்துக்கு 60, கறுப்புக்கு 30. இவை ஒத்துப்போகாமல் இருந்தால் என்ன செய்வது? அகலம் பச்சை, சரிவு நீலம், ஒரே ஒரு படி கறுப்பு என்று வரும்போது நான் கறுப்பு என்றே போட்டுவிட்டு, காரணத்தை அடுத்த வரியில் எழுதுவேன். சிலர் சராசரி எடுத்து நீலம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சராசரியில் யாரும் விழுவதில்லை, அந்தப் படியில்தான் விழுவார்கள்.

ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மன் பேசும் பகுதிகளில், எஸ் 0 முதல் எஸ் 5 வரை வேறொரு அளவுகோல் உண்டு. எஸ் 0 என்றால் தடை எதுவும் இல்லாத தடம். எஸ் 1-இல் சின்ன வேரும் கல்லும். எஸ் 2-இல் பெரிய கல், உதிரி, படி. எஸ் 3-இலிருந்து பெரும்பாறையும் ஊசி வளைவும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் சில தடங்களுக்கு இதைத் தழுவிய எண் போட்டிருப்பார்கள், அங்கே 0 முதல் 6 வரை போகும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இம்பா நிறத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவேண்டாம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

எழுதிப் பார்ப்போம்

பழைய கித்தா மலையின் பின்பக்கம் இறங்கும் தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகக் குழுவில் வருவது இது: “கோயில் பக்கம் கொஞ்சம் டேஞ்சர், மத்தபடி ஓகே.” அதையே இப்படி எழுதலாம்:

“மேலிருந்து கீழே இறங்கும் திசை. முனீஸ்வரர் கோயிலைத் தாண்டி இரண்டாவது வளைவில் கல் தொடங்கும். வளைவு திரும்பியதும் ஐந்து மீட்டரில் கல், முன்கூட்டியே வேகம் குறைக்கவும். மொத்தம் 30 மீட்டர், பாதை அகலம் நாலு சாண். முதல் 25 மீட்டர் ஊன்றிய கருங்கல், உயரம் அரைச் சாண், இடைவெளி ஒரு சாணுக்குள், உருட்டிக்கொண்டே போகலாம். அடுத்து நாலு மீட்டர் முட்டை அளவு உதிரி, இங்கே முன் பிரேக் பிடிக்கவேண்டாம். கடைசியில் பாதை முழுவதையும் அடைத்த பாறைப்படி, இறங்கும் பக்கம் ஒன்றேகால் சாண். படிக்குக் கீழே பத்து மீட்டர் சமதரை, கல் இல்லை. இடப்பக்கம் மண் குழி, இலை மூடியிருக்கும். வலப்பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்க மண்வழி உண்டு. சரிவு 7 டிகிரி, படிக்கு முன்னால் மட்டும் 12. முழு நிழல். முந்தின நாள் மழை இல்லை, கல் காய்ந்திருந்தது. நான் ஓட்டியது முன்பக்கம் மட்டும் 120 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். அந்த ஒரு படியால் கறுப்பு. படியில் இறங்கித் தள்ளினால் நீலம்.”

வாசிக்க ஒரு நிமிடம் ஆகாது. படிக்கிறவர் தம்பியாக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும் அவரவர் முடிவை எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் சைக்கிளைக் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். 150 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனில் இறங்கியவரின் கால் உணராத கல்லை, சஸ்பென்ஷனே இல்லாத சைக்கிளில் வரும் பள்ளிப் பையனின் மணிக்கட்டு உணரும்.

குரல் பதிவாகச் சொல்வதானாலும் இதே வரிசையில் சொல்லுங்கள்: திசை, இடம், நீளம், உயரம், ஊன்றியதா உதிரியா, இடைவெளி, சரிவு, விழுந்தால் எங்கே, ஈரம். “பயப்படாதீங்க”, “ஒன்னும் ஆகாது” என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். “சின்னப் பிள்ளையே போகும்” என்பதைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். அதைக் கேட்டபிறகு இறங்கித் தள்ள நினைப்பவரும் வெட்கப்பட்டுக்கொண்டு ஓட்டுவார்.

தோட்டம், தேதி

நாம் ஓட்டும் இடங்களில் பெரும்பாலானவை தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. ஆகவே நுழையும் வழியை எழுதும்போது அனுமதியையும் எழுதுங்கள்: எந்த கேட், யாரிடம் கேட்கவேண்டும், ஜாகாவிடம் (காவலாளியிடம்) பெயர் எழுதிவிட்டுப் போகவேண்டுமா என்று. அனுமதி இல்லாத தடத்தை விவரித்து நாலு பேரை அனுப்பவே கூடாது. குலை ஏற்றும் டிராக்டர் எந்த நேரத்தில் எந்த ரோட்டில் வரும் என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வளைவில் எதிரே டிராக்டர் வருவது எந்தப் பாறையையும்விட ஆபத்து. சிக்னல் கிடைக்கும் கடைசி இடம் எது என்பதையும் குறித்துவிடுங்கள், 999-க்கு அழைக்க வேண்டியிருந்தால் அங்கேதான் ஓடி வரவேண்டியிருக்கும்.

ஒவ்வொரு விவரிப்பின் அடியிலும் தேதி போடுங்கள். ஒரு பெருமழை ஊன்றிய கல்லின் அடிமண்ணைக் கரைத்து ஆடும் கல்லாக்கிவிடும். மறுநடவுக்கு நிலத்தைத் திருத்தும்போது தடமே காணாமல் போகும். மண்வாரி இயந்திரம் ஒரு நாளில் பச்சையைக் கறுப்பாக்கும், கறுப்பைப் பச்சையாக்கும். மூன்று மாதம் ஆன விவரிப்பை மறுபடி நடந்து பார்த்துத் திருத்துங்கள். திருத்தியதைப் போட்டதும் பழையதைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் புதிதாக வருகிறவர் எதை முதலில் பார்ப்பார் என்று சொல்ல முடியாது.